துப்பாக்கிக் கடையில் ஏமாந்துவிட்டேனா, தப்பு என்னுடையதா?

வலக்கண்மூடி எழுதியது:

வணக்கம். இரண்டு மாதமாக இங்கே வந்து படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன், இன்று புலம்ப வேண்டியதாகிவிட்டது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 34. 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது 10 மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு, கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பதக்கம் வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை, சின்னதாக ஏதாவது ஒரு போட்டியில் 60 குண்டும் சுட்டு முடித்துவிட்டு வெளியே வந்தால் போதும். கிளப்பில் சேருவதற்கு முன்னால் வீட்டில் பிடித்துப் பழக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைத்தேன், இதுவே முதல் தப்பு என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும்.

வண்டி ஓட்ட மட்டும் தம்பி கூட வந்தான். அவனுக்கு ரைஃபிளுக்கும் குடைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கவுண்டரில் இருந்தவருக்கு வாடிக்கையாளர் அவன்தான். கேள்வி என்னுடையது, பதில் அவனுக்குப் போகும். "10 மீட்டர் போட்டிக்குப் பழகணும்" என்று நான் சொன்னேன், அவர் தம்பியைப் பார்த்து "சாருக்கு நல்ல பவரா ஒண்ணு காட்டுறேன்" என்றார். தம்பி என்னைப் பார்த்தான், நான் அவரைப் பார்த்தேன், அவர் அலமாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

எடுத்துக்கொண்டு வந்தது குழலை மடித்து லோடு செய்கிற ஸ்பிரிங் ரைஃபிள், குண்டின் அளவு 5.5 மி.மீ. அலமாரியிலிருந்து எடுத்தவர் குழலைத் திறந்து பார்க்கவில்லை. அப்படியே திருப்பி நீட்டினார், துப்பாக்கியின் வாய் தம்பியின் வயிற்றைக் கடந்துதான் என் கைக்கு வந்தது. நான் ஒதுங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு "காலிதான் மேடம், பயப்படாதீங்க" என்றார். அப்புறம் ட்ரிக்கர் எவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்று காட்டுவதற்காகப் பெல்லட் (அதில் போடுகிற சின்ன ஈயக் குண்டு) போடாமலே நான்கைந்து முறை மடித்து மடித்துச் சுட்டார். அதோடு மேலே மாட்டுகிற ஒரு ஸ்கோப்பும் (குறி பார்க்கிற தொலைநோக்கி) வேண்டும், அது இல்லாவிட்டால் குறி பார்ப்பது கஷ்டம் என்றார். அதையும் அவரே மாட்டிக் கொடுத்தார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கிளம்புகிற நேரத்தில், குழலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டைக்குள் ஒரு பாட்டிலிலிருந்து மூன்று நான்கு சொட்டு எண்ணெய் விட்டு "இனிமே வழவழன்னு ஓடும்" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன்.

வீட்டில் முதல் குண்டுக்கே பட்டாசு மாதிரி சத்தம், குழலிலிருந்து புகை, ஏதோ கருகிய வாசனை. அடுத்தடுத்தும் அப்படியே. புதுசு அப்படித்தான் இருக்கும் போல என்று நானாக நினைத்துக்கொண்டு ஏறக்குறைய 80 குண்டு சுட்டேன். 10 மீட்டரில் வைத்த தாள் ஸ்கோப்பில் மங்கலாகத்தான் தெரிகிறது, என்ன திருகினாலும் தெளிவாகவில்லை. 40ஐத் தாண்டியதும் குறுக்குக்கோடு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கிற மவுன்ட் இருந்த இடத்தைவிட்டுப் பின்னால் நகர்ந்திருக்கிறது, அது உட்காருகிற தண்டவாளத்தில், அதாவது துப்பாக்கியின் மேல் இருக்கிற பள்ளத்தில், கீறல் கோடே விழுந்திருக்கிறது. தாளில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. வாரன்ட்டி அட்டையை எடுத்துப் பார்த்தால் கடை முத்திரை இல்லை, தேதியும் இல்லை. பெட்டியின் டேப் ஏற்கெனவே ஒரு முறை வெட்டி ஒட்டியதாக இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ரைஃபிளைப் பார்க்கவே இல்லை. "நீங்க பிடிக்கிற விதம் சரியில்ல மேடம், வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது சுட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். சுட்ட துப்பாக்கியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். ஸ்கோப்புக்கு வாரன்ட்டியே கிடையாதாம்.

உண்மையில் நான் பிடிப்பதுதான் கோளாறா? அந்தப் புகை சாதாரணமா? மறுபடி போய்ச் சண்டை போடுவதில் அர்த்தம் இருக்கிறதா, இல்லை போனது போகட்டும் என்று கிளப்பில் சேர்ந்துவிடலாமா? இன்னொன்று, நான் இடதுகை. அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை, அது முக்கியமா என்றும் தெரியவில்லை.


நேர்ப்பேச்சு எழுதியது:

குழலைத் திறந்து காட்டாமல் ஒருவர் துப்பாக்கியை நீட்டினால் அந்த நிமிடமே வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் அந்தக் கடையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை.

80 குண்டு சுட்டது உங்கள் தப்பு. மற்றதெல்லாம் அவர் தப்பு. கடைப் பெயரை இங்கே போடுங்கள், நான்கு பேர் பிழைத்துக்கொள்ளட்டும்.


சுருள்வில் எழுதியது:

பெயர் போடுவதெல்லாம் அப்புறம், முதலில் துப்பாக்கியைக் கவனிப்போம். சகோதரி, இனி ஒரு குண்டுகூட அதில் சுடாதீர்கள்.

நான் ஏர் ரைஃபிள் பழுதுபார்க்கிற ஆள், இந்த மாதிரி மாதத்துக்கு ஒன்றிரண்டு மேசைக்கு வந்துவிடும். நடந்தது என்ன என்று சொல்கிறேன். ஸ்பிரிங் ரைஃபிளில் ட்ரிக்கரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து எதிரே இருக்கிற காற்றை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் காற்று பயங்கரமாகச் சூடாகும். அங்கே சாதாரண மெஷின் எண்ணெய் இருந்தால் அது பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் ஓடுவதும் இதே விதத்தில்தான், அதனால்தான் இதை டீசலிங் என்கிறார்கள். நீங்கள் கேட்ட பட்டாசுச் சத்தமும் புகையும் கருகல் வாசனையும் அதுதான். தொழிற்சாலையில் பூசிய கிரீஸினால் புதுத் துப்பாக்கி முதல் சில டஜன் குண்டுகளுக்கு லேசாகப் புகைவது உண்டு, கடைக்காரர் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். லேசான புகை வேறு, ஒவ்வொரு குண்டுக்கும் வெடிச்சத்தம் வேறு. அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து சுட்டால் பிஸ்டன் ஸீல் கருகும், ஸ்பிரிங்கும் அடிவாங்கும். அந்த ஓட்டைக்குள் மெஷின் எண்ணெய் விடவே கூடாது, சில மாடல்களுக்கு மட்டும் தயாரிப்பாளரே சிலிகோன் எண்ணெய் ஒரு சொட்டு என்று எழுதியிருப்பார், அதுவும் என்றைக்கோ ஒரு நாள்.

பெல்லட் போடாமல் சுட்டுக் காட்டினார் பாருங்கள், அது இன்னொரு கொடுமை. குழலில் பெல்லட் இருந்தால் அது நகரும்வரை முன்னால் காற்று தேங்கி நிற்கும், பிஸ்டன் அந்தக் காற்றில் மோதி மெத்தென்று நிற்கும். பெல்லட் இல்லையென்றால் காற்று ஓடிவிடும், இரும்பு இரும்பில் இடிக்கும். காட்சிக்கு வைத்த பீஸ் என்றால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இப்படித்தான் காட்டியிருப்பார், உங்கள் பெட்டியின் டேப் அதைத்தான் சொல்கிறது.

அப்புறம் ஸ்கோப். பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, பெரிய தோட்டாத் துப்பாக்கியைத் தாங்குகிற ஸ்கோப்கூட ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் செத்துப்போகும். தோட்டாத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் குலுங்கும். இரண்டு திசையிலும் அடி. அதற்கென்று செய்யாத ஸ்கோப்பில் உள்ளே இருக்கிற கண்ணாடியும் குறுக்குக்கோடும் கழன்றுகொள்ளும். மவுன்ட் பின்னால் ஊர்ந்து வருவதும் அந்த முன்குலுக்கலால்தான். 11 மி.மீ. தண்டவாளம் என்றால் மவுன்ட்டில் ஒரு தடுப்பு முள் இருக்கும், தண்டவாளத்தின் மேலே இருக்கிற குழியில் அது உட்கார வேண்டும். இரண்டு நிமிடத்தில் மாட்டினார் என்றால் முள்ளும் போட்டிருக்க மாட்டார், திருகுகளை அளந்தும் முறுக்கியிருக்க மாட்டார். தாள் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 கஜம், அதாவது 91 மீட்டர் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. 10 மீட்டரில் அவை மங்கத்தான் செய்யும். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

பிடிக்கிற விதம் என்று அவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஸ்பிரிங் ரைஃபிள் பிடிக்கு ரொம்ப ரோஷப்படும். முன்னால் தாங்குகிற கையால் இறுக்கிப் பிடித்தால் குண்டு ஒரு இடம் போகும், விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்கவிட்டால் இன்னொரு இடம். கிடக்கவிடுவதுதான் சரி. ஆனால் தளர்ந்த மவுன்ட், சாய்ந்த குறுக்குக்கோடு, உள்ளே வெடித்துக்கொண்டிருக்கிற எண்ணெய், இந்த மூன்றும் இருக்கும்போது யார் பிடித்தாலும் உள்ளங்கை அகலம்தான். ஆம்பளை பிடித்தாலும்தான்.

நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங் சுடாத நிலையிலும் அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்கான கவ்வி இல்லாமல் திறந்தால் முகத்துக்கு வரும், வாரன்ட்டியும் போய்விடும். குழல் மடிந்திருக்கும்போது ட்ரிக்கரைத் தொடவே கூடாது, படக்கென்று மூடினால் விரலும் போகும், குழலும் வளையும்.


முன்னாள் கவுண்டர் எழுதியது:

நான் ஒன்பது வருஷம் இப்படி ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவன், இப்போது வேறு வேலை. கடைக்காரன் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று வந்தேன், ஆனால் இந்தக் கதையில் பேசுவதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்று. அலமாரியிலிருந்து எடுத்தால் நீ திறந்து பார், வாடிக்கையாளரிடம் திறந்த நிலையில் கொடு, அவர் திருப்பிக் கொடுத்தால் மறுபடி நீ பார், உன் கண் முன்னாலேயே அவர் பார்த்திருந்தாலும் பார். ஒரு நாளைக்கு நூறு முறை பார்த்தாலும் நூறு முறையும் காலியாகத்தான் இருக்கும், அதனால்தான் ஆட்களுக்கு அலுத்துவிடுகிறது. உங்கள் ஆளுக்கு அலுத்துவிட்டது. நேர்ப்பேச்சு சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஸ்கோப்பை ஏன் தலையில் கட்டினார் என்றால், நான் நின்ற கடையில் ரைஃபிளில் கிடைக்கிற லாபம் குறைவு, ஸ்கோப், உறை, எண்ணெய், பெல்லட் டப்பா இதில்தான் மாசம் ஓடும். நானும் விற்றிருக்கிறேன். ஆனால் என்னத்துக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டு விற்பேன். நீங்கள் 10 மீட்டர் போட்டி என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்கு நம்பவே முடியவில்லை. அந்தப் போட்டிக்கு 4.5 மி.மீ. தவிர வேறு அளவு செல்லாது. ஸ்கோப் அறவே கூடாது, பின்னால் துளை வைத்த தட்டு, முன்னால் வளையம், அவ்வளவுதான் குறிகாட்டி. அதாவது நீங்கள் கேட்ட வேலைக்கு அவர் கொடுத்த துப்பாக்கியும் ஆகாது, ஸ்கோப்பும் ஆகாது. கிரிக்கெட் மட்டை கேட்டவருக்கு ஹாக்கி மட்டை கொடுத்து, அதற்கு ஒரு டென்னிஸ் வலையும் சேர்த்து விற்ற மாதிரி.

இதுதான் உங்கள் பிடி. பிடித்த விதம், புகை, கீறல் இதையெல்லாம் வைத்து வாதாடினால் அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார், நாங்கள் எல்லோரும் வைத்திருப்போம். சொன்ன தேவைக்குப் பொருந்தாத பொருளை விற்றீர்கள் என்பதற்கு மட்டும் பதில் கிடையாது. போட்டி என்று நீங்கள் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? பில்லில் குறிப்பு, மெசேஜ், ஏதாவது? தம்பி சாட்சி என்பது கடையில் எடுபடாது.

போகும்போது கவுண்டரில் இருப்பவரிடம் பேசாதீர்கள், முதலாளி இருக்கிற நேரம் பார்த்துப் போங்கள். அதற்கு முன்னால் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். என்று வாங்கினீர்கள், துப்பாக்கியின் வரிசை எண், என்ன கேட்டீர்கள், என்ன கொடுத்தார்கள், உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். கோபம் ஒரு வரிகூட வேண்டாம். தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள், முத்திரை இல்லாத வாரன்ட்டி அட்டை விஷயம் அவர்களுக்குத் தெரிந்தால் கடைக்குத்தான் தலைவலி. துப்பாக்கியை உறையில் போட்டு, ஸ்பிரிங் ஏற்றாமல், பெல்லட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் நீங்களே குழலைத் திறந்து காட்டுங்கள். அவர்கள் செய்யாததை நீங்கள் செய்தால் முதலாளிக்கு உறைக்கும்.

கடைக்காரர்கள் பக்கம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு இல்லை, பொதுவாக. வாங்க வந்தவரின் மனநிலை சரியில்லை என்று பட்டால் விற்க மறுப்பது மோசமான சேவை இல்லை, நான் மறுத்திருக்கிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். இது அந்த மாதிரி விஷயமே இல்லை.


நேர்ப்பேச்சு எழுதியது:

முதலாளியைப் பார், கடிதம் கொடு, தேதி போடு. எல்லாம் சரி. அந்த ஆள் இப்படிப் பேசுகிறார் என்று முதலாளிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.


முன்னாள் கவுண்டர் எழுதியது:

இருக்கலாம் தம்பி. தெரியாமலும் இருக்கலாம், முதலாளி இருக்கும்போது கவுண்டரில் எல்லோரும் நல்லவர்கள்தான். போய்ப் பார்ப்பதில் என்ன நஷ்டம்.


அறுபதாவது குண்டு எழுதியது:

வலக்கண்மூடி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு என் முதல் கடைதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் பேச்சு எல்லாம் என் கணவரிடம்தான், அவர் பாவம் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான் இப்போது பதினோரு வருடமாகப் போட்டிகளில் சுடுகிறேன், இன்றைக்கும் புதுக் கடைக்குப் போனால் முதல் கேள்வி "யாருக்கு வாங்குறீங்க" தான். இந்த விளையாட்டில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984இல் ஒலிம்பிக்ஸுக்கு வந்தபோதே பெண்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது, கடை கவுண்டர்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

இடதுகை முக்கியமா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். கையைவிட முக்கியம் கண். இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி விடுங்கள், அதன் வழியாகத் தூரத்தில் இருக்கிற ஒரு சுவிட்சையோ கடிகாரத்தையோ இரண்டு கண்ணாலும் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது அந்தப் பொருள் அப்படியே இருக்கிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண். இடதுகைக்காரர்களில் வலது கண் ஆதிக்கம் உள்ளவர்களும் உண்டு, வலதுகைக்காரர்களில் இடது கண் உள்ளவர்களும் உண்டு, அப்படிக் குறுக்காக இருந்தால் பயிற்சியாளர் பெரும்பாலும் கண் பக்கத்துக்கே துப்பாக்கியை மாற்றச் சொல்வார். உங்கள் பெயரைப் பார்த்தால் உங்களுக்கு விடை தெரியும் போலிருக்கிறது.

உங்கள் ரைஃபிளின் கட்டையைப் பாருங்கள், ஒரு பக்கம் கன்னம் வைக்க மேடாக இருக்கும், இன்னொரு பக்கம் தட்டையாக. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு மேடு இடதுபுறம் இருக்கும். நீங்கள் இடது தோளில் வைத்தால் கன்னம் தட்டைப் பக்கத்தில் விழும், தலை ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும், கண் வேறு இடத்திலிருந்து பார்க்கும். நீங்கள் பிடிப்பது சரியில்லை என்றாரே, சரியாகப் பிடிக்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சொன்ன பேச்சு அது.

என் யோசனை, பணம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் இன்னொரு துப்பாக்கியை இப்போது வாங்காதீர்கள். கிளப்பில் சேருங்கள், புதியவர்களுக்குக் கிளப் துப்பாக்கி கொடுப்பார்கள், ஆறு மாதம் அதில் சுடுங்கள். போட்டியில் இப்போது பெரும்பாலும் எல்லோரும் காற்று அடைத்த சிலிண்டர் வைத்த ரைஃபிள்தான் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலும் 200 பார் அழுத்தம் வரை அடைப்பார்கள், உதைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்பிரிங்கில் பழகிய கை அதில் வந்து உட்காரக் கொஞ்சம் நாள் ஆகும். பின்னால் பழைய ரைஃபிள் வாங்குவதாக இருந்தால் சிலிண்டரில் பொறித்திருக்கிற தேதியைப் பாருங்கள், பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். எடை உச்சவரம்பு 5.5 கிலோ, ஆனால் அதை நின்றபடி 75 நிமிடம் தூக்கப்போவது நீங்கள், அதனால் இலகுவாக இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் குறுக்களவு, ஒரு முற்றுப்புள்ளி. அதை ஸ்கோப் இல்லாமல் வெறும் துளை வழியாக எப்படி அடிக்கிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை, இப்போதும் சில நாட்களில் புரிவதில்லை.

சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பெல்லட் ஈயம்.


வலக்கண்மூடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுருள்வில் அண்ணா, துப்பாக்கியை உறையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டேன். அக்கா, கண் சோதனை செய்து பார்த்தேன், இடதுதான். பெயர் சும்மா வைத்தது, சின்ன வயதிலிருந்து எதை உற்றுப் பார்த்தாலும் வலது கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று அம்மா திட்டுவார்.

முன்னாள் கவுண்டர் அண்ணா கேட்டாரே எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று, இல்லை என்று பதில் எழுத ஆரம்பித்துவிட்டு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கடைக்குப் போவதற்கு நான்கு நாள் முன்னால் அவர்கள் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கேட்டிருக்கிறேன். "10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பயிற்சி செய்ய ஏற்ற ரைஃபிள் இருக்கிறதா?" அதற்கு "இருக்கு, நேரில் வாங்க சார்" என்று பதில். சார்! என் பெயரும் படமும் மேலே இருக்கும்போதே சார்.


முன்னாள் கவுண்டர் எழுதியது:

அது போதும். அச்செடுத்துக் கடிதத்தோடு சேர்த்துவிடுங்கள்.


சுருள்வில் எழுதியது:

ஸ்கோப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மவுன்ட் நகர்ந்த அந்தக் கீறல் கோட்டைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பு முள் இறங்கவில்லை என்பதும் படத்தில் தெரிய வேண்டும். கழற்றியபிறகு எடுத்தால் நீங்களே தளர்த்தினீர்கள் என்பார்கள்.


வலக்கண்மூடி எழுதியது, பன்னிரண்டு நாள் கழித்து:

போய்விட்டு வந்தேன். இந்த முறை தனியாக. முதலாளி இருக்கிற நேரத்தை போனில் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

கவுண்டரில் அதே ஆள். உறையைத் திறந்து, குழலை மடித்து, காலி என்று காட்டி, மேசைமேல் வைத்தேன், வாய் சுவர் பக்கம். கடிதத்தை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார், வாட்ஸ்அப் தாளை இரண்டு முறை படித்தார். அப்புறம் கவுண்டர்காரரைக் கூப்பிட்டு "10 மீட்டருக்கு ஐந்தரை எதுக்குக் கொடுத்தே?" என்று மட்டும் கேட்டார். அவர் "அந்த சார் பவர் வேணும்னு கேட்டார்" என்றார். என் தம்பி அன்றைக்கு அந்தக் கடையில் பேசிய ஒரே வார்த்தை "பாத்ரூம் எங்கே". அதைச் சொன்னேன். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

இதற்கு நடுவில் கவுண்டர்காரர் ரைஃபிளைத் தூக்கி மூடி, பழைய பழக்கத்தில் முதலாளியின் பக்கமே திருப்பினார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை, விரலால் குழலைத் தள்ளிவிட்டார். அந்த விரல் ஆயிரம் முறை தள்ளிய விரல் மாதிரி இருந்தது. நேர்ப்பேச்சு சொன்னதுதான் சரியோ என்று எனக்கு அப்போது தோன்றியது, தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

ரைஃபிளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சுட்டதற்காக ஒரு பங்கு கழித்துக்கொண்டார், 80 குண்டு சுட்டது நான்தான், அதற்கு நான் வாதாடவில்லை. காட்சிக்கு வைத்த பீஸா என்று கேட்டேன், நேரடியாகப் பதில் சொல்லவில்லை, பெட்டியைப் பார்த்துவிட்டு "ம்" என்றார். ஸ்கோப்பை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார், ஸ்கோப் குழாயில் மவுன்ட் வளையத்தின் தடம் விழுந்துவிட்டதாம். தடம் விழும்படி முறுக்கியது உங்கள் ஆள்தானே, முள்ளையும் இறக்காமல் விட்டாரே என்று படங்களைக் காட்டினேன். சப்ளையரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆம்பளைங்க பேச்சுக்கு மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானும் கடிதத்தில் அதை எழுதவில்லை, கோபம் ஒரு வரிகூட வேண்டாம் என்று அண்ணா சொன்னதால். எழுதியிருக்கலாமோ என்று இப்போது படுகிறது.

போன சனிக்கிழமை கிளப்புக்குப் போனேன். பயிற்சியாளர் அம்மா ஒருவர், பதிவுப் படிவத்தைக்கூட இன்னும் எடுக்கவில்லை, "எந்தக் கண்ணு?" என்று கேட்டார். இடது என்றேன். இடதுகைக்கு ஒரே ஒரு கிளப் துப்பாக்கிதான் இருக்கிறது, அதற்குப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிறான், அதனால் எனக்கு ஞாயிறு காலை ஆறு மணி. கடைக்கு வருகிற புதன்கிழமை மறுபடி போக வேண்டும், ஸ்கோப்புக்காக.